காம்பைப் பிடித்து வெட்டுவது

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் தமிழம்மா ஒரு முறை வைத்திருந்தார். கட்டுரை எழுதியதும் பக்கத்தில் இருப்பவளோடு நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தவள் நோட்டில் பேனா படக்கூடாது. பென்சிலால் ஓரத்தில் கேள்வி மட்டும் கேட்கலாம். திருத்தி எழுதியதைக் கேள்வி கேட்டவளே வகுப்பில் வாசிப்பாள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டீச்சர் கோடு போட்டாலே அன்று எனக்குச் சோறு இறங்காது. கூடப் படிக்கிறவள் போடுவதா?

என் பெஞ்சுக்காரி கம்பத்துத் திராட்சை வியாபாரியின் மகள். நான் எழுதியிருந்ததும் திராட்சை அறுவடையைப் பற்றித்தான். 'பெண்கள் பழங்களைக் கையால் பறித்துக் கூடையில் நிரப்புகிறார்கள்' என்ற வரிக்கு நேரே பென்சிலால் கேட்டிருந்தாள்: பார்த்து எழுதியதா?

"பழத்தத் தொட்டா மேல வெள்ளையாப் படிஞ்சிருக்குற மாவு அழிஞ்சிரும்ல. காம்பப் புடிச்சுத்தான் வெட்டுவாக. மாவு போன கொத்த எங்க அத்தா வாங்கவே மாட்டாக. தோட்டத்துப் பக்கமே போனதில்லையாடி?"

"இல்ல" என்றேன்.

பொய். சனிக்கிழமை தவறாமல் அம்மாவோடு காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் வெட்டுகிறவள் நான். அது வகுப்புக்குத் தெரியக் கூடாதென்றுதான் பஸ் ஜன்னல் வழியே பார்த்தவள் மாதிரி எழுதினேன். இப்போது ஒன்றும் தெரியாதவள் ஆகிவிட்டேன். அதையும் பொறுக்க முடியவில்லை.

அந்த வாரம் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வரியை அடித்தேன், எழுதினேன், மறுபடி அடித்தேன். சனிக்கிழமை திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றபோதும் அதே நினைப்பு.

"என்ன ஆத்தா, பழத்தப் போட்டு இந்தப் பெசை பெசையிற" என்றாள் அம்மா. "அங்கன படிக்கப் போயி இங்கன வேலைய மறந்துட்டியா?"

என் கையிலிருந்த கொத்து பளபளவென்று கறுத்துக் கிடந்தது. மாவு முழுக்கப் போயிருந்தது.

திங்கட்கிழமை நோட்டைப் பெஞ்சுக்காரியிடம் கொடுத்தேன். வாசிக்க எழும் முன் பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். 'சனிக்கிழமைகளில் நானும் என் அம்மாவும் கூலிக்குப் பழம் வெட்டுகிறோம்' என்ற இடத்தில் அவள் கண் நின்றது.

"இதையும் வாசிக்கவா?" பென்சிலை என் பக்கம் நீட்டினாள். வேண்டாமென்றால் நானே அடித்துவிடலாம்.

பென்சிலை அவள் பக்கமே தள்ளினேன். "நீதான கேட்ட? வாசி" என்றேன்.

வாசித்தாள். மற்ற வரிகளை வாசித்த அதே குரலில், அதே வேகத்தில். நான் மூச்சைப் பிடிப்பதற்குள் அந்த வரி தாண்டிப் போய்விட்டது. வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்சில் ஒருத்தி கை தூக்கினாள். என்ன கேட்கப் போகிறாளோ என்று என் காது சுட்டது.

"வெட்டுறதுன்னா எதால? கத்தியா, அருவாளா?"

நான் எழுந்து நின்றேன். "கத்தரிக்கோல். அருவாள வச்சா கொடியே போயிரும்."

வகுப்பு சிரித்தது. தமிழம்மா சிரிக்கவில்லை. "அத ஏன் எழுதல? எழுதிட்டு வா" என்றார்.

மூன்றாம் முறை எழுத வேண்டும். உட்காராமலே நோட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.