கைப்பிடிச் சுவர் இல்லாத கடல்

மகா ஜெயித்தவை இவை. இடது கையால் சோறு பிசைந்து உண்ண நாற்பது நாளில் பழகினாள். பல்லால் ரிப்பனைக் கவ்விப் பின்னல் போட்டாள். பத்தாம் வகுப்பை, தான் சொல்ல வேறொருவர் எழுதத் தேறினாள். கொச்சியின் தேவராவில் பதினொரு பேர் ஓட்டிய போட்டியில் எதிர்காற்றில் கப்பல் விட்டாள்.

பதின்மூன்று வயதில், மட்டாஞ்சேரி மசாலாக் கிடங்கில் வேலை செய்த அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, அரவை இயந்திரம் அவள் வலது கையின் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அதற்குப் பிறகு கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் இடது பெருவிரல்தான். அண்ணன் ராமர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறிய மைப்பெட்டி இருக்கும்.

இருபத்திரண்டு வயதுவரை வேலை கேட்டு ஏறி இறங்கிய கடைகளில் எல்லோரும் முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பிவிட்ட அம்மா பாக்கியலக்ஷ்மி, பாவூர்சத்திரத்துக்கு வரச் சொல்லித் திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வைத்துவிட்டாள். அங்கே பீடி சுற்றுவார்கள். அந்தக் கையால் பீடியும் சுற்ற முடியாது என்பது ராமருக்குத் தெரியும். சனிக்கிழமைப் போட்டி ஒன்றே பாக்கி. கணினி விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கம்பெனி, முதலில் வருபவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது.

போட்டி, திரையில் பாய்க்கப்பல் ஓட்டுவது. எதிர்காற்றில் பாய்க்கப்பல் நேராகப் போகாது. காற்றுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு பக்கம் ஓடி, திருப்பி, மறுபக்கம் ஓட வேண்டும். இதை மகாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ராமர் ஏலக்காய் மூட்டைகளோடு கைவண்டியைக் கால்வாய்ப் பாலத்தில் ஏற்றுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் அவள். நேரே தள்ளினால் வண்டி பின்னால் வந்துவிடும். இடமும் வலமுமாக வளைத்து வளைத்துத்தான் ஏற்ற வேண்டும். விளையாட்டிலும் அப்படியே ஓட்டினாள். இடது கை சுக்கானுக்கு, மிச்சமிருந்த வலது பெருவிரல் பாய்க்கு.

அன்று திரையில் காற்றுக்கு நேர் எதிரே ஒரு கலங்கரை விளக்கம்; அதுதான் எல்லை. மகா வளைத்தாள், திருப்பினாள், வளைத்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கப்பலின் மூக்கு காற்றைக் கடக்கும்போது பாய் படபடத்து வேகம் செத்தது. ஒன்பது திருப்பம் ஆனபோது அவள் ஒன்பதாம் இடம்.  பின்னால் நின்ற ராமரின் சட்டைப்பையில் ரயில் டிக்கெட் நெஞ்சைக் குத்தியது.

அடுத்த திருப்பம் வந்தது. அவள் திருப்பவில்லை. கப்பல் ஓரமாக, வெகுதூரம், கூட்டத்தை விட்டு விலகி ஓடியது.

"ஏட்டி, திருப்புட்டி! எங்கட்டி போற?"

"பாலத்துக்குத்தாண்ணே கைப்பிடிச் சுவர். கடலுக்கு ஏது? இத்தன நேரம் பாலத்துலயே ஓட்டிட்டிருந்துருக்கேன், பைத்தியக்காரி!"

பக்கத்து நாற்காலியில் திருப்பூணித்துறைக்காரன் கோவிந்த் சிரித்தான். "சேச்சி லட்சத்தீவுக்குப் போறா போல. வரச்சே எனக்கு ரெண்டு தேங்கா கொண்டாங்கோ!"

"ஒன் கப்பலப் பாரு, தொறந்த வாயில ஈ பூந்துரும்," என்றாள் மகா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று திரையில் காட்டும் எண் குறைவது மெதுவாகி, கடைசியில் நின்றேவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று ராமர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வண்டி தள்ளிய இருபது வருடத்தில் இவ்வளவு தூரம் ஓரமாகப் போனதே இல்லை.

"இப்ப," என்றாள் மகா.

ராமர் கண்ணைத் திறந்தார். கலங்கரை விளக்கம் கப்பலின் பக்கவாட்டில், இடது தோளுக்கு நேராக நின்றது. ஒரே ஒரு திருப்பம். பிறகு கப்பல் அதை நோக்கியே ஓடியது. மற்றவர்கள் இன்னும் நடுவில் திருப்பித் திருப்பி வேகம் இழந்துகொண்டிருந்தார்கள். கோவிந்தின் கப்பலுக்கு நான்கு விநாடி முன்னால், முதல் ஆளாக அவள் எல்லையைத் தொட்டாள்.

திங்கட்கிழமை, ரயில் புறப்படும் வேளையில், அவர்கள் கம்பெனியின் தேவரா அலுவலகத்தில் இருந்தார்கள். வேலை ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்ததும் ராமர் பழக்கத்தில் மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். மகா அதை மூடி அவரிடமே தள்ளினாள்.

"பேனா குடுண்ணே."

இரண்டு எழுத்துப் பெயர்தான். இடது கையில் பேனாவைப் பிடித்தாள். எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிற்று. ராமர் தாளின் மூலையைப் பிடித்துக்கொண்டார். எழுதி முடித்து, கீழே தேதியையும் அவளே போட்டாள்: 18.11.2024.