கழுவெளிக்கு ஓர் ஒத்திகை

பூநாரைகள் ஆகாயத்திலிருந்து தலைகீழாகத் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கால்கள் மேலே, கழுத்து கீழே, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. போன மாதம் என் பேரன் கைப்பேசியில் கழுவெளி ஏரியின் படங்களைக் காட்டி, "தாத்தா, உங்க ஊருப் பக்கம்தானே, ஒருநாள் போலாமா?" என்று கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். கண்ணாடியை மாற்றச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அங்கே போனால் என்னென்ன பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று யாரோ அந்தப் படங்களுக்குக் கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அறுபதுகளின் தொடக்கத்திலேயே ஒரு மனிதர் அப்படியொரு பட்டியலை எழுதி வைத்திருந்தார். ஒரே ஓர் ஆளுக்காக எழுதியது. அந்த ஆளுக்கு வயது ஒன்பது.

நான் அப்போது திண்டிவனத்தில், ஏரி மராமத்து பார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு விழுப்புரத்தில், வீட்டில் அம்மா மட்டும். சனிக்கிழமை மதியம் ரயிலேறினால் திங்கட்கிழமை காலையில் திரும்புவேன். எங்கள் ஓவர்சியருக்கு அப்படிப் போக ஓர் இடம் இல்லை. நாற்பதைத் தாண்டியவர், அலுவலகத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையில் இருந்தார். அவர் மனைவி இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு மெட்ராசில் தாய்வீட்டுக்குப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஏன் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொரு கதை கட்டினோம். நானும் கட்டினேன், என் வாய் சும்மா இருக்குமா? அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, கைநீட்டும் பழக்கம் கிடையாது. பேசும் பழக்கமும் கிடையாது. எந்தக் கரையில் கசிவு என்றாலும் பத்து மைல் சைக்கிள் மிதித்துப் போய் நிற்பார். "சாப்ட்டீங்களா சார்" என்று கேட்டால் மட்டும், ஏதோ சிக்கலான கணக்கைக் கொடுத்துவிட்ட மாதிரி யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

ஒரு மார்கழியில் அவருடைய மச்சினரிடமிருந்து கடிதம் வந்தது. பொங்கல் கழிந்து ஒரு வேலையாகத் திண்டிவனம் வருவதாகவும், பாப்பாவையும் அழைத்து வருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் அப்பாவோடு இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். ஓவர்சியர் அந்தக் கடிதத்தை ஏதோ மேலதிகாரியின் உத்தரவு போல எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "ஒரு பகல் பூராவும் தம்பி. அவளுக்கு என்னா காட்டறது?" என்றார். சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். சினிமாவெல்லாம் மெட்ராசிலேயே பார்த்திருப்பாள், மெட்ராசில் இல்லாததைக் காட்ட வேண்டும் என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு முழு வெள்ளைத் தாளில் பட்டியல் வந்தது, அவருடைய நிதானமான கையெழுத்தில், மதிப்பீட்டு அறிக்கைக்குப் போடுவது போல வரிசை எண் போட்டு. கழுவெளிக் கரை வரை மாட்டு வண்டி. தோணியில் சவாரி. உப்பளத்தில் கைநிறைய உப்பு. பனங்கிழங்கு. பறவை பார்த்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே இத்தனை நிமிஷம் என்று குறித்திருந்தார்.

அத்தோடு விட்டாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஊருக்குப் போக விடாமல் ஒத்திகைக்கு இழுத்துக்கொண்டு போனார். மரக்காணம் பஸ்ஸில் போய், வழியில் இறங்கி, ஒற்றை மாட்டு வண்டி பிடித்துக் கரைக்குப் போனோம். ஆள் அரவமே இல்லாத இடம். கண் எட்டும் வரைக்கும் தண்ணீர், முழங்கால் ஆழம்கூட இருக்காது. அதன் ஓரமெல்லாம் கோரை, கோரையைத் தாண்டிப் பனைமரங்கள். காற்று நின்றால் நம் மூச்சே நமக்குக் கேட்கும். "நீங்கதான் பாப்பான்னு வச்சிக்குங்க தம்பி," என்றார் ஓவர்சியர். இருபத்து நாலு வயதுத் தடியன் நான், மீசை வேறு. "கால் வலிக்குது, தூக்கிக்குங்க," என்றேன் கிண்டலாக. அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, வண்டி தோணித்துறை வரைக்கும் வர வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டார்.

பறவை பார்ப்பதற்கு அவர் கொண்டு வந்திருந்தது அலுவலகத்தின் லெவல் கருவி. முக்காலியின் மேல் உட்காரும் பித்தளைத் தொலைநோக்கி அது, ஏரிக்கரையின் ஏற்ற இறக்கம் பார்க்க வைத்திருப்பது. அந்தக் காலத்துக் கருவிகளில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அதிலேயே கண் வைத்துப் பிழைக்கிற அவருக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்தேன். நூறு பூநாரைகள் ஆகாயத்திலிருந்து வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு மேய்ந்தன. "ஐயையோ!" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் அந்த மனிதர் சிரிப்பதை முதன்முறையாகப் பார்த்தேன், எல்லாப் பல்லும் தெரிய. "இதப் பாத்தா சிரிக்கும் இல்ல? கொக்கெல்லாம் ஆகாசத்துல தொங்குது பாரு பாப்பான்னு சொல்லணும்," என்றார். திரும்பி வரும்போது வண்டியில் அந்த ஒரு வரியைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உள்ளுக்குள் நான் கேலி செய்துகொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தால், ஒரு வரியைப் பேச அத்தனை பயிற்சி தேவைப்படும் அளவுக்கு ஒருவர் தனியாக இருந்திருக்கிறார் என்பதுதான் தெரிகிறது.

அந்த ஞாயிறும் வந்தது. பாப்பாவுக்கு ரெட்டைப் பின்னல், பச்சை கவுன், வெள்ளை ஷூ. மச்சினர் அவளை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார். துணைக்கு வாங்க தம்பி என்று ஓவர்சியர் கெஞ்சியதால் நானும் போயிருந்தேன். மகளைப் பார்த்ததும் மனிதருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சாப்ட்டியா?" என்றார். அவள் "ம்" என்றாள். பஸ்ஸில் ஏறியதும் "சாப்ட்டியா?" என்றார். வண்டியில் உட்கார்ந்ததும் மறுபடியும் அதையே கேட்டார். குழந்தை மிரண்டு போய் வண்டி மூலையில் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். பாப்பா, இந்த மாட்டுக்கு ஒரு கதை இருக்குது தெரியுமா என்று ஆரம்பித்தவன், பிறகு மூடவே இல்லை. தோணியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உப்பளத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் தோளில் முக்காலியும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாக எங்களுக்குப் பின்னால் வந்தார்.

கரையில் முக்காலியை நிறுத்தினார். வேலைக்கு நிறுத்துவது போலவே ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும் வரை திருகாணிகளைத் திருகிக்கொண்டே இருந்தார். குமிழி நிற்கவில்லை. குழந்தை அலுத்துப்போய் மண்ணை உதைக்க ஆரம்பித்தாள். அவர் நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்து, அந்த வரிக்காக வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "இங்க வந்து பாரு பாப்பா, கொக்கெல்லாம் ஆகாசத்துல தொங்குது!" அவள் பார்த்தாள், கீச்சென்று கத்தினாள், குதித்தாள். "எப்படி மாமா? நீங்களா செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டாள். உங்க அப்பா செஞ்சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அந்தக் குழந்தையின் முகம் என்னைப் பார்த்து அப்படி மலர்ந்திருந்தது. "ஆமா," என்றேன். ஓவர்சியர் குனிந்து முக்காலியின் கால் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மச்சினர் வந்து அழைத்துப் போகும்போது, "போய்ட்டு வரேன் மாமா," என்று என் கையைக் குலுக்கினாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "வரேன் சார்," என்றாள். நாள் முழுக்க நான் அவரை அப்படித்தானே கூப்பிட்டேன், குழந்தையைச் சொல்லி என்ன பயன்? சார் என்று காதில் விழுந்ததும் பழக்க தோஷத்தில் அவர், "சரிங்க," என்றார். மகளிடம் சரிங்க என்றார்.

அதற்காக அவர் என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த மார்கழியில் மறுபடி கடிதம் வந்தது. "கிளார்க் மாமாவும் வருவாங்களா?" என்று அதன் அடியில் பாப்பாவே ஒரு வரி எழுதியிருந்தாள். அவர் என் மேஜைக்கு வந்து, அந்த வரியை விரலால் காட்டினார். "லீவு கீவு போட்டுடாதீங்க தம்பி. நீங்க வந்தாத்தான் அவளுக்கு சந்தோஷம்." கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் என்னைக் குத்தியது. நான் போகவில்லை என்றால் அவள் அவரோடு பேசித்தானே ஆக வேண்டும் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். பாதி நல்ல எண்ணம்தான். மீதிப் பாதி, அந்த ஏரிக்கரையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை மாமாவாக நடமாடத் தெம்பில்லை என்பது. "அம்மாவுக்கு ரொம்ப முடியல சார். ஊருக்குப் போயே ஆகணும்," என்றேன். அம்மா அன்றைக்கு விழுப்புரத்தில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

திங்கட்கிழமை வந்தபோது ஓவர்சியரின் முகமும் கழுத்தும் வெயிலில் கறுத்திருந்தன. பாப்பா வந்துச்சுங்களா என்று கேட்டேன். "இல்ல தம்பி. நீங்க வரலன்னு முன்னாடியே கார்டு போட்டேன். ஆசையா வந்து ஏமாந்துடக் கூடாது பாருங்க. அடுத்த வாட்டி வர்றேன்னு எழுதிட்டா." அப்படியானால் இந்த வெயில்? "நான் மட்டும் போய்க்கினு வந்தேன். தோணிக்காரன்கிட்ட சொல்லி வச்சிட்டேனே, பாவம், அவன் காத்துக்கினு இருப்பான்." அறை மூலையில் முக்காலி சாய்ந்திருந்தது, மூன்று கால்களிலும் சேறு காய்ந்து போய். பட்டியலில் ஒன்றைக்கூட விடாமல் தனியாகவே செய்துவிட்டு வந்திருந்தார். உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்து என் கையில் திணித்தார். ஒரு டின் பிஸ்கட், ஏழெட்டுக் கமலா ஆரஞ்சு, காகிதத்தில் சுற்றிய கல்கண்டு. "அம்மாவுக்குக் குடுங்க. உடம்பு தேறட்டும்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போனேன், சொல்லவில்லை. அந்தச் சித்திரையில் அவருக்கு மாற்றல் ஆனது. அதற்குள் அந்த அடுத்த வாட்டி வரவில்லை. பிறகு வந்ததா என்று எனக்குத் தெரியாது. கழுவெளிப் பக்கம் நான் இன்றுவரை போகவில்லை. பேரன் மறுபடி கேட்டபோது முழங்கால் வலியைச் சொல்லித் தப்பித்தேன்.

அவர் பையைக் கொடுத்த அந்த வாரமே, சனிக்கிழமை, அதை வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா முற்றத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள், எங்க ஓவர்சியர் என்றேன். டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டைக் கடித்து, தேவலையே என்று இன்னொன்றையும் எடுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அவருக்குக் கொழந்த குட்டி எதுனா இருக்குதாடா?" என்றாள்.

"ஒரு பொண்ணும்மா."

"அய்ய, அப்புறம் எல்லாத்தையும் எதுக்கு நமக்கே குடுத்துவுட்டாரு? அந்தப் புள்ள கேக்காதா?"

நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.