மேப்பிள் வாளியில் சுண்ணாம்பு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று லண்டன் டூட்டிங்கில் என் உணவகம் எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். யாரும் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டு, பனி கொட்டி லண்டனில் பஸ்களே ஓடாமல் நின்ற மாசி மாதம். என் பேத்தியின் வகுப்பில் மரத்து நீரிலிருந்து பாணி, அதாவது இனிப்புப் பாகு, காய்ச்சும் வேலையைத் தொடங்கினார்கள். ஆசிரியை கனடாவிலிருந்து வந்த இளம் பெண். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நிற்பவையும் மேப்பிள் சாதி மரங்கள்தான், அவற்றிலும் இனிப்பு நீர் வடியும் என்று சொல்லி, துளை போட்டு, குழாய் செருகி, பிள்ளைகளைக் கொண்டே வாளிகளைத் தொங்கவிட்டார். அந்த நீரை வற்றக் காய்ச்சிப் பான்கேக்கில் ஊற்றிச் சாப்பிடுவது என்று ஏற்பாடு.

காய்ச்சப் பெரிய பாத்திரம் வேண்டுமே. "எங்கட அப்பப்பாட்ட ஆள் இருந்து குளிக்கிற அளவுக்குச் சட்டி இருக்கு" என்று பேத்தி வகுப்பில் சொல்லிவிட்டாள். என் இரத்தம் அல்லவா! மறுநாள் காலையே சட்டியைக் கொண்டுபோய் இறக்கினேன். இறக்கிவிட்டு மரங்களடிக்குப் போய்ப் பார்த்தால், வாளிகள் வெறுமனே தொங்குகின்றன.

எனக்குப் பகீரென்றது. பனையில் நீர் இறக்க முட்டிக் கலயம் கட்டுகிறவன் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவான். தடவினால் இனிக்கிற கருப்பணி, தடவாவிட்டால் புளித்த கள்ளு. இது தெரியாமல் இந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒரு வகுப்புக்கே கள்ளுப் பருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெற்றிலைக்காகப் பையில் வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து ஒவ்வொரு வாளியிலும் தாராளமாகப் பூசிவிட்டேன். பெருமை பேசாமல் நான் செய்த நல்ல காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் வெள்ளை வெள்ளையாகக் கலங்கியிருந்த நீரை ஆசிரியை முழுவதும் கொட்டிவிட்டார். தலைமை ஆசிரியர் இந்த வேலையே இனி வேண்டாம் என்கிறாராம். பூசியது நான் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யார் சுண்ணாம்பும் கையுமாகத் திரிகிறார்கள்?

அன்று பின்னேரம் பேத்தி வீட்டுக்கு வந்து, காலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை அப்பப்பா. மரத்தில மொட்டு விரிஞ்சா தண்ணி கசக்குமாம். பிறகு செய்யேலாதாம்."

"ஆர் செய்யேலாது எண்டது? நாளைக்கு நான் வாறன்."

என் ஆங்கிலம் வியாபாரத்துக்குப் போதும், கவுன்சில்காரனோடு சண்டை பிடிக்கவும் போதும். ஆனால் கௌரவமாகப் பேச வேண்டிய இடத்தில் நான் தமிழில்தான் பேசுவேன். பேத்தியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு ஆசிரியைக்கு முன்னால் இருந்தேன்.

"சொல்லு பிள்ளை. சுண்ணாம்பு போடாட்டி அது கள்ளாப் போகும். உந்த விசயம் எனக்குத் தெரிஞ்ச அளவுக்குக் கனடாவில ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லு."

பேத்தி என்னைப் பார்த்தாள், ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: எங்கள் நாட்டு மரத்துக்கு இப்படித்தான் செய்வார்கள். நீர் பழுதாகிப் பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று அப்பப்பா பயந்துவிட்டார். அவர் சொறி. வெரி சொறி.

அந்த ஆங்கிலச் சொல்லை எங்கள் ஆட்கள் தமிழில் இப்படித்தான் எழுதுவார்கள். தமிழில் அது தோலில் வருகிற வியாதி. எனக்கும் அது வியாதிதான், கேட்டாலே உடம்பு கடிக்கும். மனைவியிடம்கூட நான் சொல்லாத சொல்.

அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஆசிரியையின் முகம் இளகிவிட்டது. இந்தக் குளிரில் நீர் புளிக்காது என்று எனக்காக ஆறுதலாக விளக்கினார். வாளிகளைக் கழுவி மறுபடி கட்டத் தலைமை ஆசிரியரிடம் தானே கேட்பதாகவும் சொன்னார். பேத்தி மேசைக்குக் கீழே என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

காருக்குள் ஏறியதும் கேட்டேன்: "நான் எப்பயடி சொறி சொன்னனான்?"

"ஐயோ, உங்களுக்கு விளங்கினதா?"

"இங்கிலிசுக்காரனுக்கே சாப்பாடு விக்கிறவனுக்குச் சொறி விளங்காதோ?"

"நீங்க சொன்னதை அப்பிடியே சொல்லியிருந்தா, மிஸ் சட்டியையும் திருப்பித் தந்திருப்பா."

சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் வேறொரு அறை நினைவில் இருந்தது. லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் எனக்கு அகதி விசாரணை நடந்தது. "என்னைத் திருப்பி அனுப்பினால் நட்டம் உங்களுக்குத்தான்" என்று அதிகாரியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்த தமிழ் அண்ணை அந்த ஒரு வரியை நெடுநேரம் ஜெர்மன் மொழியில் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். என் துணிவைப் பார்த்துத்தான் இருக்க விட்டார்கள் என்று இத்தனை காலமும் சொல்லித் திரிகிறேன். அந்த அண்ணை என்னதான் சொன்னாரோ. ஜெர்மன் எனக்கு ஒரு சொல் தெரியாது.

வாளிகள் மறுபடி ஏறின. மொட்டு விரிவதற்குள் சேர்ந்ததைக் காய்ச்சினார்கள். என் சட்டியின் அடியில் கொஞ்சப் பாணி மிஞ்சியது, ஆளுக்கு ஒரு கரண்டி. எனக்கும் தந்தார்கள். நல்ல இனிப்பு, ஓரத்தில் விறகு மணம்.

எப்படி இருக்கிறது என்று ஆசிரியை கேட்டார்.

"குறை சொல்லேலாது. ஆனா என்ர கடைப் பாணி இதைவிடத் திறம் எண்டு சொல்லு" என்றேன் பேத்தியிடம்.

அவள் ஆசிரியையின் பக்கம் திரும்பி நெடுநேரம் என்னவோ சொன்னாள். நான் காது கொடுக்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.