‘ஆகமொத்தம்’ சார்

காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல, ஆஸ்பத்திரியின் சர்வர் கம்ப்யூட்டர் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார் சார். சூடு எவ்வளவு என்று திரையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்கு ‘ஆகமொத்தம்’ என்று பெயர். யார் எதை ஆரம்பித்தாலும் நாலாவது வார்த்தையில் உள்ளங்கை உயரும், சாலையில் வண்டியை மறிக்கும் போலீஸ்காரரைப்போல. "ஆகமொத்தம் என்ன?" வீட்டிலும் இதே கைதான். தன் தம்பியின் கல்யாணப் பேச்சைத் தொடங்கிய மனைவி சொன்னார்: "இதெல்லாம் உங்க மெஷின்கிட்ட வச்சுக்கோங்க."

மெஷினோ சில நாட்களாக அவரை மதிப்பதே இல்லை. கூட்டம் நெரியும் காலை நேரமாகப் பார்த்துப் படுத்துவிடுகிறது. டாக்டர் திரையைப் பார்த்து விழிக்கிறார்; நோயாளி டாக்டரைப் பார்த்து விழிக்கிறார். நிர்வாகி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை படுத்துச்சுன்னா அதோட சேர்த்து உங்களையும் மாத்திருவோம்." அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இவர் ‘ஆகமொத்தம்’ கேட்கவில்லை.

படுக்கும் முன் சர்வர் கடைசியாக எதை விழுங்கியது என்று தேடி எடுத்தார். யாரோ அதனிடம் கேட்ட ஒரே ஒரு கேள்வி. இந்த நோயாளிக்கு என்ன மருந்து, அல்லது இந்த நோயாளிக்கு, அல்லது இந்த நோயாளிக்கு... உருட்டி உருட்டி விரல் ஓய்ந்தது, கேள்வி ஓயவில்லை. ஆஸ்பத்திரிப் படியேறிய அத்தனை பேரும் அதில் வரிசை கட்டி நின்றார்கள். யாரையும் குறிப்பிடாமல் விட்டால் எல்லோரும் என்றே சர்வர் எடுத்துக்கொள்ளும். யாரோ மெனக்கெட்டு ஒவ்வொருவராக அழைத்திருக்கிறார்கள்.

யாரோ அல்ல, காலையில் மருந்துப் பட்டியல் எடுக்கும் மருந்துக் கிடங்கு அக்கா.

"எல்லாப் பேருக்கும் டிக் போடுறீங்களா?"

"ஆமா சார். மேல ஒரு கட்டம் இருக்கு, அதைத் தொட்டா எல்லாத்துக்கும் விழுந்துரும்."

"ஒண்ணுமே போடாம விட்டாலே எல்லாரும் வந்துருவாங்களே!"

"அப்படியா? அதைத்தான் சார் புது ஸ்கிரீன் வந்தப்ப கேக்க வந்தேன். ‘சார், டிக் போடாம விட்டா’ன்னு ஆரம்பிச்சேன். நீங்க கையைத் தூக்கிட்டீங்க. சரி, பாவம், ஒரு ஆள்கூட விட்டுப்போகக் கூடாதேன்னு..."

அவரே குனிந்து அக்காவின் திரையில் டிக்கை எடுத்துவிட்டார். மூச்சு விடுவதற்குள் பட்டியல் வந்தது. சர்வர் படுக்கவில்லை. வேலையும் தப்பியது.

"இன்னொரு சந்தேகம் சார். அது எப்படின்னா, போன வாரம் எங்க வீட்டுக்காரர் இருக்காரே..."

கை வழக்கம்போலக் கிளம்பியது. தோள்வரை வந்து, சற்றுத் தயங்கி, கீழே இறங்கி, பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டது.