கடைசியில் பார்க்கும் பல்

வலிக்கிற பல்லைப் பல் டாக்டர் நாகசுப்பிரமணியன் கடைசியில்தான் பார்ப்பார். அவரிடம் முதன்முதல் வாய் திறந்த நாளிலிருந்து எனக்கு இருக்கிற மனத்தாங்கல் இது. இடது கடைவாயைப் பிடித்துக்கொண்டு சோழவந்தானிலிருந்து ரயிலேறிப் போயிருப்பேன். அவர் வலது கோடியில் ஆரம்பிப்பார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கம்பியின் அடிப்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டு, தண்டல்காரன் வீடு வீடாக ஏறி இறங்குகிற மாதிரி வருவார்.

"வலி இந்தப் பக்கம் டாக்டரே."

"தெரியுது. கன்னமே சொல்லுதே. அதைத் தொட்டுட்டா அப்புறம் வாயத் தொறப்பீங்களா? நல்ல பல்லு மொதல்ல பேசட்டும் அண்ணே."

மதுரையில் மகாலுக்குப் பின்னால் ஒரு மாடியறை. கிராம்பு எண்ணெய் வாசம் பாதிப் படியிலேயே வந்து மூக்கைப் பிடிக்கும். ரோஜா நிறத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, சன்னலோர நாற்காலியில் தலையைச் சாய்த்து வைப்பார். சின்ன வட்டக் கண்ணாடியை வெந்நீர் டம்ளரில் முக்கித் துடைப்பார். சூடு அதிகமோ என்று தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். வெந்நீரில் முக்காவிட்டால் நம் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடுமாம்.

பல் முடிந்தால் ஈறு. ஈறு முடிந்தால் நாக்குக்கு அடி. பிறகு கன்னத்தை விரலால் இழுத்து உள்பக்கம் பார்ப்பார். சௌராஷ்டிரக்காரர், பார்க்கும்போது தன் வீட்டுப் பாஷையில் ஏதாவது முணுமுணுத்தால் விஷயம் நல்லதில்லை என்று அர்த்தம். எங்கள் ஊர் வண்டிக்காரன் சுருளியின் கன்னத்தில் வெள்ளையாக ஒரு படையைக் கண்டு அப்படித்தான் முணுமுணுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார். சுருளி போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவன் இல்லை.

"வலி இல்லாதப்ப வந்தாத்தான் எனக்கு வேலை. வலியோட வந்தா கொறடுக்குத்தான் வேலை" என்பார். யார் கேட்கிறார்கள்? நான் மட்டும் வெற்றிலைக் கட்டை மார்க்கெட்டில் போட்டுவிட்டு அவ்வப்போது தலையைக் காட்டுவேன்.

"வெத்தலைய விடச் சொல்லி என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்களே."

"வெத்தலையப் போடுங்க. பொகையிலைய விடுங்க. அது என்ன, உங்க கொடிக்கால்லயா வெளையிது?"

சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன இலையில் இரண்டை எடுத்துச் சன்னல் பக்கம் திரும்பி நின்று மடிப்பார். சுண்ணாம்பு தடவுவதுதான் எனக்குத் தெரியும். அப்புறம் என்ன வைக்கிறார் என்பதை அந்த முதுகு மறைத்துவிடும். நானும் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை போனபோது கதவைச் சாத்தினார். "ரங்கநாயகிக்குத் தெரிய வேணாம்" என்றார். அது அவர் சம்சாரம். பிறகு நான் உட்கார வேண்டிய நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

"உள்கன்னத்துல சொரசொரன்னு இருக்குண்ணே. நாக்கு அங்கேயே போகுது. பொகையிலை போட்ட வாயி."

"நீங்களே கண்ணாடியில பாத்துக்கிறதுதானே."

"பாத்தேன். நான் பாத்தா ஒண்ணுமில்லேன்னுதான் தெரியுது. என் கண்ண நம்ப முடியல."

"ஆஸ்பத்திரிக்குப் போங்க டாக்டரே. நான் வெத்தலைக்காரன், என்னத்தக் கண்டேன்."

"போகத்தான் போறேன். மொதல்ல தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பாக்கட்டும். எலையில புள்ளி விழுந்தா எம்புட்டு தூரத்துல இருந்தாலும் கண்டுபிடிப்பீங்கள்ல? அம்புட்டுதான்."

"எந்தப் பக்கம்?"

இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். நான் கண்ணாடியை வெந்நீரில் முக்கித் துடைத்து, என் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார். கண்ணாடியை இடது பக்கம் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கோடியில இருந்து வாங்கண்ணே" என்று வலது பக்கத்தைக் காட்டினார். "அதைக் கடைசியாப் பாருங்க."