வெல்லுவினமா, அப்பா?

கூடைப்பந்தை விரல்நுனியில் சுழற்றும் வேடிக்கை ஆட்டக்காரர்களின் காட்சி முடிந்து மல்கிரேவ் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொப்கோர்ன் வாசம் நிறைந்த காருக்குள் மகள் கேட்டாள்: "அப்பா, லீக்கில ஆடுற உண்மையான ரீமோட விளையாடினா இவை வெல்லுவினமா?"

சின்ன வயதில் நோபல் பார்க் பகுதியில் குடியிருந்த காலத்தில், இரவு வேலைக்கு லீவு போட்டு இப்படியொரு காட்சிக்கு என்னைக் கூட்டிப்போன அப்பாவிடம் நானும் இதையே கேட்டேன். "ஓம், கட்டாயம் வெல்லுவினம்," என்றார். அதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கத்தினேன்: "உங்களுக்கு பாஸ்கெட்போல் பற்றி ஒண்டும் தெரியாது."

அப்பா இரவு வேலைக்குப் போக எண்ணெய் மணக்கும் சப்பாத்துக்கு லேஸ் கட்டியபடி, "ஓம் ராசா, எனக்கென்ன தெரியும்," என்றார்.

யாழ்ப்பாணத்தில் அவர் பள்ளிக் கூடைப்பந்து அணியின் தலைவராக இருந்ததை அவருடைய செத்தவீட்டில்தான் மாமா சொன்னார்.

காரின் கண்ணாடியில் மகளின் முகம் பதிலுக்குக் காத்திருந்தது.

"ஓம், கட்டாயம்," என்றேன். நாளை பள்ளியால் வந்து அவள் கத்தட்டும்.