மெசினுக்குத் தமிழ் புரியுமா?

சவரம் செய்த கன்னத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டியின் ஈர வாசனையும், பிடரியில் தட்டும் பவுடரின் இனிப்பு வாசனையும், பல கைகள் மாறிய செய்தித்தாளின் மை வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும் இடமாக என் மூக்கில் இன்றும் தங்கியிருப்பது, மலாக்காவில் காஜா பெராங் சாலையோரம், பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு என் அப்பா திறக்கும் முடிவெட்டும் கடைதான். நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. கடைக்குப் பின்னாலேயே வீடு இருந்ததால், பள்ளிவிட்டு வந்ததும் இரண்டுக்கும் நடுவே இருந்த வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எழுதியது பாதி, கடையில் நடந்த பேச்சைக் கேட்டது மீதி.

அப்பாவின் கடைக்கு முடிவெட்ட வந்தவர்களைவிடச் ‘சேதி’ கேட்க வந்தவர்களே அதிகம். சுவரோரம் கிடந்த நீள பெஞ்சில், இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்த சின்னையா மாமா நடுநாயகமாக உட்கார்ந்து, தமிழ்ப் பத்திரிகையை விரித்து உரக்கப் படிப்பார். அரசியல் செய்தி வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிற பெஞ்சு, அறிவியல் செய்தி வந்தால் குதூகலமாகிவிடும். ஏனென்றால் அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லலாம்; கேட்க எந்தப் போலீஸ் மாத்தாவும் வரமாட்டான். ‘எக்ஸ்ரே’ படம் எடுத்தால் ரத்தம் வெளுத்துவிடும் என்பது அங்கே முடிவான விஷயம். அணுகுண்டு வெடித்ததிலிருந்துதான் டுரியான் மரங்கள் சரியாகக் காய்ப்பதில்லை என்பதும் அப்படியே. பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து வரும் பிள்ளை தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி சமூகத்தவர்; வேட்டி கட்டுவார், நெற்றியில் திருநீறு பூசுவார், பேசுவதெல்லாம் மலாய்தான். சின்னையா மாமா படித்ததை அப்பா மலாயில் திருப்பிச் சொன்ன பிறகு, பிள்ளை தாத்தாவும் தம் கருத்தைச் சொல்லாமல் எழுந்துபோக மாட்டார்.

இந்தப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் நடுவே, கடையின் பின்சுவரை ஒட்டிய சன்னலருகில் தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தவர் என் அப்பாவின் தங்கை, பவளம் அத்தை. ஜப்பான்காரன் காலத்தில் வந்த ஒரு கடுங்காய்ச்சலில், பன்னிரண்டு வயதில், அவருக்குக் காது போய்விட்டது. அதற்கு முன்பே நன்றாகப் படிக்கக் கற்றிருந்ததால், பெஞ்சு கலைந்த பிறகு பத்திரிகையை எடுத்துப்போய் ஒரு வரி விடாமல் வாசிப்பார். எங்கள் வீட்டில் யார் பேசினாலும் அத்தைக்கு எதிரே வந்து, முகம் காட்டி, வாயை நன்றாக அசைத்துப் பேசுவோம். அவர்மீது கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அது ஒன்றே போதும், வேறு தண்டனை வேண்டாம். வெளியே போகும்போது நான்தான் அவருக்குக் காது; கடைக்காரர் சொல்வதையும் பஸ் கண்டக்டர் கத்துவதையும் அவர் முகத்தைப் பார்த்து வாயசைத்துச் சொல்வேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஒருநாள் சின்னையா மாமா படித்த செய்தி, காது கேளாதவர்களுக்கென்று வந்திருக்கும் ஒரு சிறிய கருவியைப் பற்றியது. சட்டைப் பையில் அடங்கிவிடுமாம், அதிலிருந்து ஒரு கம்பி காதுக்குப் போகுமாம், ‘பேட்டரி’யில் ஓடுமாம்.

“கரண்டு நேரா மூளைக்குள்ள போவுது. போனா மனுசன் பொழைப்பானா?” என்றார் மாமா.

“அதெல்லாம் வெள்ளக்காரன் காதுக்குச் செஞ்சது லா. நம்ம காது வேற, அவன் காது வேற” என்றார் இன்னொருவர்.

அப்பா மலாயில் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை தாத்தா, தீவிரமாக யோசித்துவிட்டு, “மெசின் இத்து தாவு தமில் கா?” என்றார். அந்த மெசினுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்கிறார், தமிழ் தெரியாத தாத்தா! பெஞ்சே குலுங்கியது. அப்பாவும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சன்னலருகில் அத்தை எதுவும் அறியாமல் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கு நான் கிளம்பும்போது அத்தை வெளியே போகும் சேலையில் நின்றிருந்தார். “இன்னிக்கு ஸ்கூல் வேணாம். ஆஸ்பத்திரிக்கு வா” என்றார். பத்திரிகையில் அந்தக் கருவிச் செய்தி வந்த பக்கம் மடித்தபடி அவர் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கவை போலப் பிரிந்த ஓர் இரும்பைத் தட்டி, அத்தையின் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வைத்தார். அத்தை கண்களை மூடிக்கொண்டார். டாக்டர் மலாயில் சொன்னதை நான் வாயசைத்துச் சொன்னேன்: “முழுசாப் போகலயாம் அத்தை. வலது காதுல கொஞ்சம் மிச்சம் இருக்காம். மெசின் வாங்க சிங்கப்பூருக்குத்தான் போகணுமாம். போட்டாலும் எவ்வளவு கேக்கும்னு இப்ப சொல்ல முடியாதாம்.”

“மிச்சம் இருக்குன்னு சொன்னாருல்ல? அது போதும்” என்றார் அத்தை.

அத்தையின் கல்யாணத்துக்கென்று ஒரு தங்கச் சங்கிலி இருந்தது. அப்பா முடிவெட்டியும் அத்தை தைத்தும் சேர்த்து வாங்கியது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஜாலான் பெண்டஹாராவில் ஒரு நகைக்கடையில் அத்தை விற்றுவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை. அப்பா கத்தினார். அத்தைக்குக் கேட்காது என்பதையும் மறந்து, முகத்தைக் காட்டாமல், சுவரைப் பார்த்துக் கத்தினார். “ஜாசின் பக்கம் மாப்பிள்ள பேசி வச்சிருக்கேன். சங்கிலி இல்லாம எவன் வருவான்? சும்மா பெஞ்சில பேசுற பேச்ச நம்பி எவளாச்சும் நகைய விப்பாளா?” நான் அதை வாயசைத்துச் சொன்னபோது அத்தை அப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“அண்ணே, சங்கிலியக் கழுத்துல போட்டுக்கிட்டா எனக்குக் கேக்குமா?”

அப்பா மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த பள்ளி விடுமுறையில் அத்தையும் நானும் மட்டும் கிளம்புவதாக இருந்தது. விடிந்ததும் பஸ் நிற்குமிடத்துக்குப் போனால், தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். சனிக்கிழமை கடையை அடைத்தவர் இல்லை அவர். “சிங்கப்பூர்ல ஒங்க ரெண்டு பேரையும் எவனாச்சும் ஏமாத்துவான்” என்று என்னிடம் மட்டும் சொன்னார். மூவாரில் பஸ்ஸோடு மிதவையில் ஏறி ஆற்றைக் கடந்தபோதும், பத்து பகாட்டில் மறுபடி கடந்தபோதும், சிங்கப்பூரில் உறவினர் வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தபோதும், அப்பா அத்தையின் பக்கம் முகம் திருப்பவே இல்லை.

மறுநாள் போன கடையில் ஒரு சீனர், தீப்பெட்டியைவிடப் பெரிதாக, சாம்பல் நிறத்தில் இருந்த ஒரு பெட்டியை அத்தையின் ரவிக்கையில் கொக்கியால் மாட்டி, கம்பியின் நுனியை வலது காதில் பொருத்தி, ஒரு சிறு சக்கரத்தை மெல்லத் திருகினார். அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சீனர் கை தட்டிப் பார்த்தார். அத்தை திடுக்கிட்டார், அவ்வளவுதான். அப்பா பொறுக்க மாட்டாமல் எழுந்து கதவருகில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தெருவைப் பார்த்துச் சொன்னார்:

“இதுக்குத்தான் சங்கிலிய வித்தியா, பவளம்?”

“ஆமாண்ணே, இதுக்குத்தான்.”

முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு அத்தையைப் பார்த்தேன். அத்தை அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா திரும்பவில்லை, திரும்ப அவரால் முடியவில்லை. தெருவைப் பார்த்தபடியே, “பவளம்” என்றார். “என்னண்ணே?” என்றார் அத்தை. இன்னும் ஒருமுறை, இன்னும் மெதுவாக, “பவளம்” என்றார். அதற்கும் பதில் வந்தது. அதன் பிறகுதான் அப்பா தீபாவளிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

இதோடு எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஊருக்கு வந்த பிறகுதான் அத்தையின் பாடு ஆரம்பமாயிற்று. கடையின் அமைதியில், பழகிய அண்ணன் குரலில் கேட்ட ஒரு வரி வேறு; ஊரில் அந்தக் கருவி எதையும் தரம் பிரிக்காது. கத்தரிக்கோல், தட்டு, மழை, லாரி, ரவிக்கைத் துணி பெட்டியின்மேல் உராய்வது என்று எல்லாவற்றையும் ஒரே கூச்சலாகக் காதுக்குள் கொட்டியது. இத்தனை வருடம் தாம் மிதித்த தையல் மெசின் இப்படிக் கிறீச்சிடும் என்று தெரியாமல் இருந்ததற்கு அத்தை வெட்கப்பட்டு, அன்றே அதற்கு எண்ணெய் விட்டார். தலைவலியில் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு படுப்பார். “கழட்டி வச்சிட்டு நிம்மதியா இரு புள்ள” என்று அம்மா கெஞ்சுவார். அத்தை எழுந்து மறுபடி மாட்டிக்கொள்வார்.

சுதந்திர நாள் காலையில், எதிரேயிருந்த கோப்பிக்கடை ரேடியோவைச் சுற்றி காஜா பெராங்கே திரண்டு நின்றது. அத்தையும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெர்டேக்கா முழக்கம் கேட்டு எல்லோரும் ஆர்ப்பரித்தபோது, “சத்தம் வருது. சொல்லு வரல” என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது, ஆனால் அது அழுகை இல்லை, ஆத்திரம். அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டு, பத்திரிகையைக் கொடுத்து, தமக்குப் பின்னால் நின்று படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் படித்தேன். நான் படிக்கப் படிக்க, தமக்குக் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். ‘அரிசி’ என்றால் ‘பரிசு’ என்பார். ‘மந்திரி’ என்றால் ‘முந்திரி’ என்பார். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, “இன்னொரு வாட்டி” என்பார். நாள் ஆக ஆகச் சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வந்தன.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ரஷ்யாக்காரன் வானத்தில் விட்ட ‘செயற்கை நிலா’ பூமியைச் சுற்றுகிறது என்ற செய்தியைச் சின்னையா மாமா படித்தபோது, பெஞ்சு ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. “ஆகாயத்துல ஓட்ட போட்டுட்டான். அதான் இந்த மழ இப்படி விடாம ஊத்துது” என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

தையல் மெசின் நின்றது.

“ஏன் மாமா, போன வருசமும் இதே மாசம் இப்படித்தானே ஊத்துச்சு? அப்ப ஆகாயத்துல எவன் ஓட்ட போட்டான்?”

பெஞ்சு முழுதும் சன்னல் பக்கம் திரும்பியது. பல வருடங்களாக அவர்கள் அந்த அறையில் எதை எதையோ பேசியிருந்தார்கள், பவளத்துக்கு மாப்பிள்ளை கிடைப்பானா என்பது உட்பட. அது எல்லாம் இப்போது ஒவ்வொருவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “நீங்க கையக் கால ஆட்டிப் பேசுறதப் பாத்து, என்னமோ பெரிய பெரிய விசயம் பேசுறீங்கன்னு நெனச்சேன் மாமா. இவ்வளவுதானா?” என்றார். அப்பா நாற்காலியில் இருந்தவரின் தலையைப் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். விஷயத்தை அப்பாவிடம் மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை தாத்தா தொடையில் தட்டிச் சொன்னார்: “மெசின் இத்து தாவு தமில்!”

மறுநாள் சின்னையா மாமா வந்ததும் பத்திரிகையைத் தாம் பிரிக்காமல் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். “நேத்து நான் சொன்னது தப்புத்தான். இன்னிக்கு நீ படி தாயி, நான் கேக்கறேன்” என்றார். அத்தை படித்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தக் கடையில் செய்தி படித்தவர் அவர்தான். பெஞ்சின் கருத்துகள் மட்டும் குறையவே இல்லை.

ஜாசின் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, மணவறையில் மட்டும் அந்தக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்றார்கள். “தாலி கட்டுறப்ப சொல்ற மந்திரம் எனக்குக் கேக்க வேணாமா?” என்று அத்தை கேட்டார். அவர்கள் எழுந்து போனார்கள். அப்பா வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து தேநீர் கேட்டார். சில ஆண்டுகள் கழித்து, பஸ் கண்டக்டராக இருந்த ஒருவரை அத்தை மணந்தார், கருவியும் கம்பியுமாகவே. சங்கிலி இல்லை; மஞ்சள் கயிறுதான். பிறகு பெண்டஹாராவில் சொந்தமாகத் தையல் கடை வைத்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்து, நல்ல வயதில் போய்ச் சேர்ந்தார்.

நான் இப்போது மலாக்காவிலேயே ஆயர் குரோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் காஜா பெராங் வழியாக வந்தபோது காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். அப்பாவின் கடை இருந்த வரிசையை இடித்து, கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். பெஞ்சு கிடந்த இடம் எதுவென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் கைப்பேசிக்கும் தினமும் அறிவியல் சேதிகள் வருகின்றன. தடுப்பூசி பற்றியும் கைப்பேசிக் கோபுரம் பற்றியும் யார் யாரோ எழுதி அனுப்பிய கருத்துகள். சின்னையா மாமா சொன்னவற்றைவிட அவை ஒன்றும் மோசமில்லை. ஆனால் மாமா தாம் சொன்ன தவறோடு மறுநாள் அதே பெஞ்சில், அத்தைக்கு எதிரே வந்து உட்கார வேண்டியிருந்தது. இவர்கள் எங்கே வந்து உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் வருகிற ஒவ்வொன்றுக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, பதில் எழுதுகிறேன்.